நிறுத்திய காசு எங்கே போகிறது?



சிக்கனம் என்ற தலைப்பைக் கேட்டதுமே பாதிப் பேர் அலைவரிசையை மாற்றி விடுவார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. சிக்கனத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வசதியானவர்கள். கேட்கிறவர்களோ மாதக் கடைசியில் மோட்டாருக்கு எண்ணெய் ஊற்றச் சில்லறை தேடுகிறவர்கள். ‘தேநீரை நிறுத்துங்கள், பணக்காரர் ஆகலாம்’ என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். தேநீரை நிறுத்திப் பணக்காரரானவர் பந்திங் வட்டாரத்தில் ஒருவரும் இல்லை.

ஆகவே எதை நிறுத்துவது என்பதோடு இன்றைய பேச்சு முடிந்துவிடாது. நிறுத்திய காசு அதற்குப் பிறகு எங்கே போகிறது என்ற கேள்விதான் முக்கியம். அதை யாரும் கேட்பதில்லை.

பந்திங், கோல லங்காட் மாவட்டத்தின் தலைமைப் பட்டணம். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். ஒரு பக்கம் மோரிப் கடற்கரை, இன்னொரு பக்கம் தெலுக் பங்ளிமா காராங் தொழிற்சாலைகள். விடியற்காலையில் மோட்டாரில் புறப்படுகிறவர்களில் பலர் தோட்டத்தில் பிறந்து, தாமானில் குடியேறி, தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர்கள். வழியில் ஓர் ஒட்டுக்கடை. மோட்டாரை நிறுத்துவதற்குள் கடைக்கார அண்ணன் கேட்டு விடுவார்: “வழக்கம்போலத்தானே தம்பி?” “ஆமாண்ணே, வழக்கம்போலத்தான்.”

இந்த ‘வழக்கம்போல’ என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு சேலை வாங்கப் போனால் பத்துக் கடை ஏறி இறங்குகிறார்கள். கைத்தொலைபேசி வாங்கப் போனால் மூன்று பேரிடம் விசாரிக்கிறார்கள். அவற்றில் தவறு நடந்தாலும், ஒரு முடிவு எடுத்து வாங்கிய தவறு. வழக்கத்தில் முடிவு என்பதே கிடையாது. பை தானாகத் திறக்கிறது, காசு தானாகப் போகிறது. வீண் செலவு என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை. விலை அதிகம் என்பதால் ஒரு செலவு வீணாகி விடுவதில்லை. வேண்டுமா, வேண்டாமா என்று யாரும் கேட்காமலே நடக்கிற செலவுதான் வீண்.

கணக்குக்கு வருவோம். 2025-இல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. பெயர்பெற்ற சிகரெட் ஒரு பாக்கெட் 17 வெள்ளிக்குக் குறையாது. நாளைக்கு ஒரு பாக்கெட் என்றால் முப்பது நாளுக்கு 510 வெள்ளி. 1,700-இல் சரியாக 30 விழுக்காடு. சம்பளத்தில் அவ்வளவு பெரிய தொகை புகையாகிறது. ‘அதெல்லாம் யார் வாங்குகிறார்கள், கடத்தல் சிகரெட் பாதி விலைக்குக் கிடைக்கிறதே’ என்று ஒரு சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. அதை மலிவு என்று சொல்லிக் கொள்வது, ஓட்டைப் படகு இலவசமாகக் கிடைத்தது என்று மகிழ்வது போலத்தான்.

அடுத்தது நம்பர். புதன், சனி, ஞாயிறு என வாரம் மூன்று குலுக்கல். தடவைக்குப் பத்து வெள்ளி என்று வைத்தால் வாரத்துக்கு 30, ஆண்டுக்கு 1,560. கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம். பத்தாயிரம் எண்களில் ஒரு குலுக்கலில் பரிசு விழுவது 23 எண்களுக்கு மட்டும். கனவில் வந்த எண்ணுக்கும், விபத்தில் சிக்கிய காரின் எண்ணுக்கும் இதே கணக்குதான். எடுக்காத எண் விழுந்துவிட்டால் அதை ஆயுள் முழுக்கச் சொல்லிக் காட்டுவார்கள். எடுத்த எண் விழாத நூற்றுக்கணக்கான நாள்களை யாரும் சொல்வதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிக்கனம் பற்றிய மேடைகளில் பெண்களின் சேலையும் நகையும்தான் முதலில் அடிபடும். இந்த இரண்டு கணக்கையும் பாருங்கள். சிகரெட்டும் நம்பரும் சேர்ந்தால் ஆண்டுக்கு 7,680 வெள்ளி. அந்தத் தொகைக்குச் சேலை வாங்குகிற பெண், குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் குடும்பத்தில் இருக்க முடியாது.

பழைய தோட்டப்புறத்துக் குடும்பங்களுக்கு ‘555 புத்தகம்’ நினைவிருக்கும். உள்ளங்கை அளவு சின்னக் குறிப்பேடு. மளிகைக் கடையில் கடனுக்கு வாங்கும் அரிசி, சீனி, மண்ணெண்ணெய் எல்லாம் அதில் ஏறும். சம்பளத்தன்று கடைக்காரர் கூட்டிச் சொல்வார், இவர்கள் கொடுத்துவிட்டு வருவார்கள். அந்தப் புத்தகத்தைப் பலர் அவமானமாக நினைத்தார்கள். உண்மையில் அதில் ஒரு நன்மை இருந்தது. ஒவ்வொரு காசுக்கும் எழுத்து இருந்தது. இன்று கைத்தொலைபேசியை ஒரு கட்டத்தின் முன் நீட்டினால் பணம் போய்விடுகிறது. எண்ணிக் கொடுக்கும் கை இல்லை, மிச்சத்தை வாங்கும் கையும் இல்லை. எழுத்து எங்கோ தொலைபேசிக்குள் இருக்கிறது, அதைத் திறந்து பார்ப்பவர் மிகக் குறைவு. அந்த 555 புத்தகம் இன்றும் கடைகளில் கிடைக்கிறது. கடனை எழுதிய அதே புத்தகத்தில் மூன்று மாதம் மட்டும் செலவை எழுதிப் பார்க்கலாம். ஆரம்பத்திலேயே எதையும் குறைக்க வேண்டாம், எழுதினால் போதும்.

சரி, எழுதினார்கள், நிறுத்தவும் நிறுத்தினார்கள் என்று வைத்துக் கொள்வோம். அப்புறம்? இதற்கு விடை தேட இந்த மண்ணின் வரலாற்றுக்கே போகலாம். அது அதிக தூரத்தில் இல்லை, பந்திங்கிலிருந்து பேருந்தில் போய்த் திரும்பக்கூடிய கிள்ளானில் இருக்கிறது.

1941-ஆம் ஆண்டு. கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் ஆர்.எச். நாதன், ‘தமிழ் நேசன்’ நாளேட்டில் பணியாற்றியவர். அன்று பால்மரம் சீவியவர்களின் நாள் கூலி ஐம்பது, அறுபது காசு. சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி வேண்டும் என்பது முதல் கோரிக்கை. பிள்ளைகளுக்குப் படிப்பு, முறையான மருத்துவ வசதி, பெண்களுக்குப் பாதுகாப்பு, சங்கம் அமைக்கும் உரிமை, துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளிலிருந்து இறங்காமல் போகும் உரிமை என்று பட்டியல் நீண்டது. அந்தப் பட்டியலிலேயே இன்னொரு கோரிக்கையும் இருந்தது: தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும்.

மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார், பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். போராட்டம் சிலாங்கூரின் மற்றப் பகுதிகளுக்கும் பரவியது. அவசரகாலம் அறிவிக்கப்பட்டு இராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். கூலி உயர்வுக்காக உயிர் கொடுத்த கதையாகத்தான் இதைப் பலர் அறிவார்கள். ஆனால் அந்தக் கள்ளுக்கடைக் கோரிக்கை சிந்திக்க வைக்கிறது. குடிக்காமல் இருக்க யாருடைய அனுமதி வேண்டும்? கடையை மூடு என்று துரையிடம் ஏன் கேட்க வேண்டும்? அவரவர் நிறுத்திக் கொண்டால் போதாதா?

போதாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கடை ஊருக்கு வெளியே எங்கோ இல்லை. வெயிலில் உழைத்துக் களைத்தவன் வீடு திரும்பும் பாதையில், தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. காலையில் தோட்டத்தில் சம்பாதித்தது மாலையில் தோட்டத்துக் கடையிலேயே இறங்கியது. கூலியை ஐந்து காசு உயர்த்தினால் அந்த ஐந்து காசும் அங்கேயே போகும். கூலி உயர்வையும் கடை மூடலையும் ஒரே மனுவில் எழுதியவர்களுக்குப் பொருளாதாரம் கற்றுக்கொடுக்க எந்தக் கல்லூரியும் தேவைப்படவில்லை. போர் முடிந்தபின் கெடா தோட்டங்களில் ஏ.எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படையும் 1946, 1947-ஆம் ஆண்டுகளில் கள்ளுக்கடை மறியலைத்தான் கையில் எடுத்தது. அங்கேயும் உயிர்ப்பலி நேர்ந்தது.

இதிலிருந்து இன்றைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது மதுவிலக்கு மட்டும் அல்ல. செலவுப் பழக்கத்தை மன உறுதியால் மட்டும் வெல்வது கடினம், கடை பாதையில் இருக்கும்வரை கால் அங்கே போகும் என்பதுதான் அது. இன்று அந்தப் பாதை கைத்தொலைபேசி வழியாகப் போகிறது. நள்ளிரவில் மலிவு விற்பனை அறிவிப்பு வருகிறது. இப்போது வாங்கு, பிறகு கட்டு என்று பொத்தான் மின்னுகிறது. 2025-இல் நாடாளுமன்றம் பயனீட்டாளர் கடன் சட்டத்தை நிறைவேற்றியதற்கு இந்தப் பொத்தானும் ஒரு காரணம். சட்டம் தன் வேலையைச் செய்யட்டும். அதற்குள் வீட்டில் செய்யக்கூடியது, அந்தச் செயலிகளை அழிப்பது, சம்பளம் விழும் கணக்கோடு பண அட்டையை இணைக்காமல் இருப்பது. கள்ளுக்கடையை மூடச் சொன்னவர்களுக்கு இது எளிதில் புரிந்திருக்கும்.

ஆனால் கடை மூடினால் கதை முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. தோட்டங்களில் கள் குறைந்த இடத்தில் சம்சு வந்தது. மலிவான, கடுமையான சாராயம். அதை எதிர்த்துப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல்லாண்டுகள் குரல் கொடுத்தது. கள்ளுக்குப் போன காசு, போக வேறு இடம் இல்லாமல் சம்சுவுக்குப் போனது. தண்ணீருக்கு அணை கட்டியவர்கள் வாய்க்கால் வெட்டவில்லை. இதே கதை இன்றும் நடக்கிறது. சிகரெட்டை விட்டவர் அந்தக் காசுக்கு இரண்டு தேநீர், ஒரு குளிர்பானம் அதிகம் குடிக்கிறார். நம்பரை விட்டவர் இணையச் சூதாட்டத்தில் மாட்டுகிறார். வருடக் கடைசியில் பார்த்தால், நிறுத்தியது நிறுத்தியதுதான், கையிலோ ஒன்றும் இல்லை. ‘சிக்கனமாக இருந்து என்ன கண்டோம்’ என்று சலித்துக்கொண்டு பழைய வழிக்கே திரும்பி விடுகிறார்கள்.

வாய்க்கால் வெட்டிய கதையும் இந்த நாட்டில் உண்டு. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போகிறவர்கள் ஜாலான் துன் சம்பந்தன் என்ற பெயர்ப் பலகையை அன்றாடம் பார்க்கிறார்கள். நாடு விடுதலை பெற்ற காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுக் கிளம்பின. தோட்டம் துண்டானால் தொழிலாளிக்கு வேலையும் போகும், குடியிருக்கும் லயமும் போகும். அப்போது அமைச்சராகவும் ம.இ.கா. தலைவராகவும் இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி. ஒரேயடியாக யாரிடம் இருக்கும்? மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம் என்றார்கள். பத்து வெள்ளி என்பது அன்றைய தொழிலாளிக்குச் சில நாள் உழைப்பு. தோட்டம் தோட்டமாகப் போய், லயம் லயமாக ஏறி இறங்கிப் பங்கு சேர்த்தார்கள். அடுத்த ஆண்டே, 1961-இல், கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. தொடர்ந்து மேலும் பல தோட்டங்கள்.

அந்தத் தொழிலாளிகள் இன்றைய குடும்பங்களைவிடச் சிக்கனமானவர்கள், ஒழுக்கமானவர்கள் என்று சொல்லிப் பெருமூச்சு விட வேண்டாம். அவர்களும் சம்பளத்தன்று தோட்ட வாசலில் துணிக்காரரிடமும் பலகாரக்காரரிடமும் வாங்கியவர்கள்தான். பத்து வெள்ளி எங்கே போகிறது என்று அவர்களுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். வெற்றிலை பாக்கில் கொஞ்சம், கள்ளில் கொஞ்சம் குறைத்தால் அது தன் காலுக்குக் கீழே இருக்கும் மண்ணாக மாறும் என்று நம்பினார்கள். போக்கிடம் தெரிந்த காசைப் பிடித்து வைப்பது அவ்வளவு கடினமல்ல.

போக்கிடம் தெரிந்தால் போதும் என்று சொல்லிவிடவும் முடியாது. 1980-களில் மைக்கா ஹோல்டிங்ஸ் வந்தபோதும் இதே நம்பிக்கையோடு மக்கள் திரண்டார்கள். சுமார் 66,000 பேர், ஏறக்குறைய 10 கோடியே 60 லட்சம் வெள்ளி. தாலிக்கொடியை அடகு வைத்துப் பங்கு வாங்கியவர்கள் உண்டு. எதிர்பார்த்த வளர்ச்சி வரவில்லை. ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காத்திருப்புக்குப் பின், 2010-இல் ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 சென் என்ற விலை வந்தபோது பலர் கிடைத்தது போதும் என்று வாங்கிக்கொண்டார்கள். வாங்கிய பலர் அதற்குள் காலமாகி, பிள்ளைகள் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் காயம் ஆறாததால்தான் சேமிப்பு, பங்கு என்று பேச்செடுத்தாலே இன்றும் பல குடும்பங்களில் முகம் சுளிக்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. காசு போகும் இடத்தை யார் கணக்குப் பார்க்கிறார்கள், வேண்டியபோது எடுக்க முடியுமா என்ற இரண்டு கேள்விகளைக் கேட்காமல் யாரிடமும் காசு கொடுக்கக் கூடாது. சொன்னவர் யாராக இருந்தாலும் சரி.

இந்த இரண்டு கேள்விகளையும் வைத்துக்கொண்டு இன்றைக்கு என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். தாமான் பெண்கள் சேர்ந்து நடத்தும் ‘கூட்டு’, அதாவது சீட்டுப் பணம், பழகிய வழி. பத்துப் பேர், மாதம் நூறு வெள்ளி, ஆளுக்கு ஒரு மாதம் ஆயிரம். நல்லவர்கள் பத்துப் பேர் கிடைத்தால் நன்றாகவே நடக்கும். பணத்தை எடுத்தவர் வீடு மாறிப் போய்விட்டால் மீட்க வழியில்லை. கூட்டை ஒரு தொழிலாக நடத்துவதை 1971-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. முகம் தெரியாதவர் கைத்தொலைபேசியில் நடத்தும் கூட்டில் சேர்வது, காசை ஆற்றில் போடுவதற்குச் சமம்.

இன்னொரு வழி ஊழியர் சேமநிதி. சம்பளக்காரர்களுக்கு அது தானாகப் பிடிக்கப்படுகிறது. சம்பளம் இல்லாதவர்களுக்கு, அதாவது ஒட்டுக்கடைக்காரர், கிராப் ஓட்டுநர், தையல் வேலை செய்யும் பெண் போன்றவர்களுக்கு, ஐ-சாரான் என்ற திட்டம் இருக்கிறது. தாமாக முன்வந்து கட்டும் தொகைக்கு அரசாங்கம் 20 விழுக்காடு சேர்த்துத் தருகிறது, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை. 2025-இலிருந்து நடைமுறையில் உள்ள கணக்கு இது. ஆண்டுக்கு 2,500 வெள்ளி கட்டினால் முழு 500-ம் கிடைக்கும். 2,500-ஐ 365-ஆல் வகுத்துப் பாருங்கள். நாளைக்கு ஏழு வெள்ளிகூட இல்லை. ஒரு பாக்கெட் சிகரெட்டில் பாதியைவிடக் குறைவு. அதற்கு மேல் ஆண்டு ஈவு வேறு. 2024-க்குச் சேமநிதி வாரியம் அறிவித்த ஈவு 6.30 விழுக்காடு. யார் கணக்குப் பார்க்கிறார்கள் என்ற முதல் கேள்விக்கு இங்கே பதில் உண்டு. வேண்டியபோது எடுக்கலாமா என்ற இரண்டாவது கேள்விக்குப் பதில், பெரும்பகுதியை எடுக்க முடியாது, 2024 மே மாதம் வந்த நெகிழ்வுக் கணக்கில் விழும் சிறு பங்கை மட்டும் எடுக்கலாம். எடுக்க முடியாது என்பதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். கையில் காசு நிற்காத குடும்பத்துக்கு அதுவே பெரிய நன்மை.

கடன் உள்ளவர்கள் மட்டும் வேறு வரிசையில் போக வேண்டும். கடன்பற்று அட்டையில் 3,000 வெள்ளி பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்சத் தொகை 5 விழுக்காடு, அதாவது 150 வெள்ளி. அதை மட்டும் கட்டினால், ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டியில் அந்த மாதத்துக்கு 45 வெள்ளி வட்டிக்கே போய்விடும். கடனில் குறைவது 105 தான். 18 விழுக்காடு வட்டி கட்டிக்கொண்டே 6 விழுக்காடு ஈவுக்குச் சேமிப்பது, வலது கையில் கொடுத்து இடது கையில் பிச்சை வாங்குவது போன்றது. முதலில் நிறுத்திய காசு அந்தக் கடனுக்குப் போகட்டும். வட்டி முதலைகளிடம் போவதற்கு முன், 2006-இல் பேங்க் நெகாரா தொடங்கிய ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை நிறுவனத்தை நாடலாம். வங்கிக் கடன்களை ஒன்றாகத் திரட்டி, கட்டக்கூடிய தவணையாக மாற்றித் தர வங்கிகளோடு பேசுவார்கள், கட்டணம் கிடையாது. வட்டி முதலையிடம் வாங்கிய கடனுக்கு அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

கடைசியாக, அந்த 555 புத்தகம் யார் கையில் இருக்க வேண்டும் என்ற கேள்வி. கணவன் எழுதினால் மனைவியின் செலவு மட்டும் ஏறும், மனைவி எழுதினால் வீட்டில் சண்டை ஏறும். அனுபவப்பட்ட குடும்பங்கள் சொல்லும் ஒரு வழி, பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் கொடுத்துவிடுவது. ‘அப்பா, இன்றைக்கு எவ்வளவு?’ என்று மகள் பென்சிலோடு நிற்கும்போது சிகரெட் பாக்கெட்டின் விலையைக் குறைத்துச் சொல்லும் தகப்பன் அபூர்வம். அவள் வாரக் கடைசியில் கூட்டிக் கழித்துச் சொல்லட்டும். ஒரு வரி மட்டும் கூடுதலாக எழுதச் சொல்லுங்கள்: இந்த வாரம் நிறுத்தியது எவ்வளவு, அது எந்தக் கணக்கில் போய்ச் சேர்ந்தது என்று. அந்த இரண்டாவது கட்டம் காலியாக இருந்தால், திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகும் வழியில் கட்டிவிட்டு இரசீதைக் கொண்டுவந்து அவளிடம் காட்ட வேண்டியதுதான்.